இடுப்பளவு அலைக்கு எந்தப் பலகை?

லிட்டில் அந்தமானுக்கு சர்ஃப் போர்டு தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு புகைப்படத்தை நம்பித்தான் கப்பல் ஏறுகிறார்கள். அது குமாரி பாயின்ட்டின் படம். 1998இல் ஜான் கலஹான் என்ற புகைப்படக்காரர் சில சர்ஃபர்களோடு படகில் வந்து எடுத்துப் போன படங்களால் அந்த அலைக்கு உலகம் முழுக்க மவுசு வந்தது. பவளத் திட்டின் மேல் ஏறி, உள்ளே குழாய் விட்டுச் சுருண்டு, வலப்பக்கமாக நீள ஓடும் அலை. படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த அலை இருப்பது ஹட் பே ஊருக்கு மறுபக்கம். படகு அமர்த்த வேண்டும், அனுமதி வேண்டும், தெற்கிலிருந்து நல்ல அலைப்பெருக்கு வந்திருக்க வேண்டும். கரையில் கால் வைக்கவும் முடியாது. தீவின் பெரும்பகுதி ஒங்கே பழங்குடி மக்களின் காப்பகம். 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி வெளியார் அங்கே இறங்குவது குற்றம். இறங்க ஆசைப்படுவதும் தப்பு என்பேன்.

இதெல்லாம் கூடி வராத நாட்களில் நமக்கு வாய்ப்பது பட்லர் பே. ஹட் பே ஜெட்டியிலிருந்து 14 கிலோமீட்டர். கிழக்கு பார்த்த நீண்ட மணல் கரை. பெரும்பாலான காலைகளில் அங்கே முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரைதான் அலை. மெதுவாக எழும், சோம்பலாக உடையும், பாதி வழியில் ஆழம் கண்டால் செத்துப்போகும். அந்த அலைக்கு எந்தப் பலகை எடுப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். குமாரிக்கு என்ன எடுப்பது என்று தெரிந்தவர்களுக்கு என் யோசனை தேவைப்படாது.

எனக்குச் சொந்த ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் அரசு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தது. ஜங்கிலிகாட் மீன் சந்தையில் இன்னும் வாய் பழகவில்லை. படிக்கப் போனது சென்னைக்கு. அலைச்சறுக்குப் பழகியது கோவளத்தில். மீனவ இளைஞரான மூர்த்தி மேகவன் குப்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து 2012இல் சர்ஃப் பள்ளி தொடங்கியபிறகு அந்தக் கரையே வேறு ஊர் ஆகிவிட்டது. ஊர் திரும்பியபின் லீவு கிடைத்தால் ஹட் பே கப்பல்தான். கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி செரினிட்டி கடற்கரை என்று பழகியவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். நம் கிழக்குக் கரை முழுவதுமே வருஷத்தில் பல மாதம் சின்ன அலைக் கரைதானே. மீதிப் பாதி அந்தமானுக்கே உரியது.

முதலில் பட்லர் பே அலை ஏன் பலவீனமாக இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் பலகை தானாகப் புரியும்.

அந்தமானுக்கு நல்ல அலை வருவது உள்ளூர்க் காற்றால் அல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலின் புயல்களில் பிறந்த அலைப்பெருக்கு தென்மேற்கிலிருந்து வருகிறது. மார்ச் முதல் மே வரை அதன் நல்ல பருவம். மேற்குக் கரையில் அது நேரே மோதுகிறது. கிழக்குக் கரைக்கு வரவேண்டுமானால் தீவின் தென்முனையைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். திரும்பும்போது அலை விரிந்து பரவி உயரத்தை இழக்கிறது. உயரம் பாதியானால் வலுவும் பாதியாகும் என்று நினைக்கக் கூடாது. அலையின் ஆற்றல் உயரத்தின் இருமடியில் போகும் கணக்கு. பாதி உயர அலையில் இருப்பது கால்வாசி ஆற்றல்தான்.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பு கொடுக்கிறது. அதில் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு துள்ளாதீர்கள். அது திறந்த கடலின் கணக்கு. பக்கத்தில் நொடி என்று ஓர் எண் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு அலை முகடுகளுக்கு இடையிலான நேரம். 6, 7 நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய குட்டை அலை; தள்ளு இருக்காது. 13, 14 நொடி என்றால் தூரத்திலிருந்து வந்தது. நீண்ட அலை அடித்தரையை முன்னதாகவே உணர்ந்து தீவைச் சுற்றி நன்றாக வளையும். ஆகவே ஒரே உயரம் போட்டிருந்தாலும் 7 நொடி நாளில் பட்லர் பே குளமாகக் கிடக்கும், 14 நொடி நாளில் இடுப்பளவு வரும். எந்தப் பலகையை வண்டியில் கட்டுவது என்பதை நான் முடிவுசெய்வது இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான்.

இனி பலகை. ஒரு மீட்டர் ஆழத்தில் ஓடும் அலை நொடிக்குச் சுமார் மூன்று மீட்டர் வேகத்தில் வருகிறது. கையால் துழாவி நாம் எட்டும் வேகம் அதில் பாதிகூடத் தேறாது. செங்குத்தாக எழும் பெரிய அலையில் இந்த இடைவெளியை ஈர்ப்புவிசை நிரப்பிவிடும். சரிவில் பலகை தானே விழுந்து வேகம் எடுக்கும். சின்ன அலையில் சரிவே இல்லை. நீங்கள் துழாவிக்கொண்டே இருப்பீர்கள், அலை உங்களுக்குக் கீழே புகுந்து போய்விடும். ஆகவே சின்ன அலைக்கான பலகை இரண்டு வேலை செய்ய வேண்டும்: குறைந்த உழைப்பில் வேகம் எடுக்க வேண்டும், எடுத்த வேகத்தை அலை தளரும் இடத்திலும் விடாமல் வைத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அழகுக்குத்தான்.

பலகையின் அடிப்பக்கம், நடுத்தண்டை ஒட்டி, பென்சிலில் சில எண்கள் எழுதியிருக்கும். 5 அடி 8 அங்குலம், 21, இரண்டரை, 33 லிட்டர் என்கிற மாதிரி. நீளம், அகலம், தடிமன், கொள்ளளவு. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் எண்ணையே பார்க்கிறார்கள். சின்ன அலைக்கு நான் கடைசி எண்ணிலிருந்து தொடங்குவேன். 70 கிலோ எடையுள்ளவர் எழுந்து நிற்கப் பழகும் கட்டத்தில் இருந்தால் 70, 80 லிட்டருக்குக் குறையாமல் எடுக்கட்டும். உடையாத பச்சை அலையைப் பிடித்துத் திருப்பத் தெரிந்தவருக்கு 45, 50 லிட்டர் சுகம். தேறியவர்கள் 28, 30 லிட்டரில் ஓட்டுவார்கள். அவர்களும் பட்லர் பேக்கு மூன்று நான்கு லிட்டர் கூட்டிக்கொள்வது நல்லது. ஆள் சாப்பாட்டுப் பிரியராக இருந்தால் அதற்கும் சேர்த்துக் கூட்ட வேண்டும். எடையைக் குறைத்துச் சொல்லி போர்டு வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடல் அதை நம்புவதில்லை.

அடுத்தது அகலம். ஆறடி நீளம், 19 அங்குல அகலம் கொண்ட மெல்லிய ஷார்ட்போர்டு வேகமான அலைக்காகச் செய்தது. அதே ஆள் அதைவிட நான்கு அங்குலம் குட்டையான, 21 அங்குல அகலமான பலகையை எடுத்தால் சின்ன அலையில் இரண்டு மடங்கு சந்தோஷமாக இருப்பார். அகலப் பலகை மெதுவான ஓட்டத்திலேயே தண்ணீரின் மேல் ஏறி மிதந்து ஓடத் தொடங்கிவிடும். நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டும் இந்த யோசனை புதிதல்ல. 1967இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்பவர் முட்டிபோட்டு ஓட்டுவதற்காகச் செய்த, மீன்வால் பிளவும் அடியில் துடுப்பு மாதிரி இரண்டு ஃபின்களும் கொண்ட குட்டைப் பலகையைத்தான் இன்றைக்கும் ‘ஃபிஷ்’ என்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஓரளவு ஓட்டத் தெரிந்தவர் பட்லர் பேக்கு ஒரே ஒரு குட்டைப் பலகை எடுத்து வரலாம் என்றால் நான் காட்டுவது ஃபிஷ்ஷைத்தான்.

எண்களில் எழுதாத ஒரு விஷயமும் உண்டு: வளைவு. பலகையை மணலில் படுக்கவைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மூக்கும் வாலும் எவ்வளவு தூக்கி நிற்கின்றன? குமாரி மாதிரிச் செங்குத்தான அலைக்கு இந்தத் தூக்கல் வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது மூக்கு குத்தித் தலைகீழாகக் கவிழ்க்கும். சின்ன அலையில் மூக்கு குத்தும் அளவுக்குச் சரிவு கிடையாது. அங்கே வாழைப்பழம்போல வளைந்த பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், வேகமே எடுக்காது. தட்டையாக, மூக்கு நிறைந்து, வால் அகன்று இருப்பதைத் தேடுங்கள். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் சரி, குனிந்து பார்த்து நீங்களே முடிவுசெய்யலாம்.

சென்ற சீசனில் பட்லர் பேயில் ஒரு காலை. சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருவர், நன்றாக ஓட்டத் தெரிந்தவர், அழகான ஆறடி ஷார்ட்போர்டில் மார்பளவு தண்ணீரில் அமிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அலைகள் கூட்டமாக வரும்போதெல்லாம் பரபரவென்று துழாவுவார். அலை கீழே நழுவிப் போகும். அவருக்கு இருபது அடி தள்ளி, ராமகிருஷ்ணபூர்ப் பையன் ஒருவன் வெயிலில் வெளுத்த எட்டடி சாஃப்ட் டாப்பில் வந்த அலையை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று தரம் கைபோட்டால் போதும், எழுந்து நின்றுவிடுவான். நின்றபின் இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு கரைவரை வருவான். தம்பி என்னைப் பார்த்து, “என்னண்ணே, அலையே இல்லையே இங்க” என்றார்.

“அலை இருக்கு தம்பி. உன் போர்டுக்குத்தான் பத்தல.”

சிரித்தார், ஆனால் கோபம்தான். அரைமணி கழித்து, பையனிடம் ஏதோ இந்தியில் பேசி, பலகைகளை மாற்றிக்கொண்டார்கள். பையன் ஷார்ட்போர்டின் மேல் படுத்ததும் கழுத்துவரை மூழ்கினான். அதிலேயே அவனுக்கு ஏகக் கொண்டாட்டம். தம்பி முதல் அலையிலேயே எழுந்து, பலகையின் நடுவுக்கு நடந்து, கரையில் வந்து இறங்கினார். அடுத்த நாள் தன் பலகையை அவர் அறையிலேயே விட்டுவிட்டு வந்ததைப் பார்த்தேன்.

சாஃப்ட் டாப்பைப் பழகுகிறவர்கள் பலகை என்று ஒதுக்குவது நம் ஊரில் ஒரு கௌரவப் பிரச்சினை. மேலே ஸ்பாஞ்சு, அடியில் வழவழப்பான பிளாஸ்டிக், ரப்பர் மாதிரி வளையும் ஃபின். பார்க்க விளையாட்டுச் சாமான். ஆனால் அந்தமானில் அதற்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. பலகையின் கூர்மூக்கோ ஃபின்னோ முகத்தில் பட்டால் ஹட் பேயில் கட்டுப் போடலாம். பெரிய தையல், எலும்பு முறிவு என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இடையில் ஒரு கப்பல் பயணம் இருக்கிறது. குழந்தைகளோடு வருகிறவர்களிடம் நான் வேறு பலகை பற்றிப் பேசுவதே இல்லை.

ஒன்பது அடிக்கு மேலான லாங்போர்டு என்றால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. முழங்கால் அளவு அலையிலும் ஓடக்கூடிய ஒரே பலகை அதுதான். வைகிகியின் சோம்பல் அலைகளுக்கு ஹவாய்ப் பெருந்தலைகள் ‘ஓலோ’ என்ற மிக நீண்ட மரப்பலகையை வைத்திருந்தார்கள். பின்னாளில் ஹவாய்ச் சர்ஃபர் ட்யூக் கஹனமோக்கு அதைப் பார்த்துப் பதினாறடியில் பலகை செய்து ஓட்டினார். அலைக்குத் தெம்பு இல்லாவிட்டால் பலகையை நீட்டு என்பது அவர்கள் எப்போதோ கண்ட வழி. லாங்போர்டில் அலையை நாம் முன்னதாக, அது முகடு கட்டும்போதே பிடித்துவிடலாம். உடைந்து நுரையாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதன் தொல்லை தண்ணீரில் இல்லை, தரையில்தான். ஒன்பதடிப் பலகையை விமானத்தில் கொண்டுவருவது பெரும்பாடு. சில விமானங்களில் நீளத்தைக் கேட்டதும் கையை விரித்துவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அளவைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கப்பலில் வருவதானால் மூன்று நாள் போகும், ஆனால் பலகைக்கு இடம் இருக்கும். போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே கப்பலில் ஏற்றுவது சுலபம். வாழைத்தாரும் ஸ்கூட்டரும் கோழிக்கூண்டும் போகிற கப்பலில் ஒரு பலகையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஹட் பேயில் வாடகை ஸ்கூட்டரில் பலகையைப் பக்கவாட்டில் மாட்ட இரும்புக் கொக்கி கட்டிக்கொள்ள வேண்டும். எட்டடிக்கு மேல் போனால் பின்னால் வருகிற வண்டிக்காரர்களிடம் ஏச்சு வாங்கத் தயாராக இருங்கள். இந்த அலைச்சலை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏழு முதல் ஏழரை அடி வரையான நடுத்தர நீளப் பலகை பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதில் லாங்போர்டின் சுகமும் முழுதாக இருக்காது, ஃபிஷ்ஷின் விளையாட்டும் முழுதாக இருக்காது. ஆனால் ஒரே பலகையில் வாரம் முழுக்கக் கடலில் இருக்கலாம்.

ஃபின் விஷயத்தில் அந்தமான் கடல் தமிழ்நாட்டிலிருந்து ரொம்பவும் மாறுபடுகிறது. காரணம் ஓதம். சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவு; கோவளத்தில் ஓட்டுகிறவர்கள் அதைப் பெரிதாகக் கணக்கில் வைப்பதில்லை. போர்ட் பிளேரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இரண்டு மீட்டரைத் தொடும். கடல் நன்றாக ஏறியிருந்தால் பட்லர் பேயில் அலை உடையவே மறுத்துக் கரையில் வந்து சப்பென்று விழும். வற்றியிருந்தால் மணலுக்கு நடுவே இருக்கும் பவளப் பாறைத் திட்டுகள் மேலே வந்துவிடும். நல்ல நேரம் இரண்டுக்கும் இடையில். அதுவும் வற்றி முடிந்து ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம் எனக்குப் பிடித்தது. லாங்போர்டின் நடு ஃபின் ஒன்பது, பத்து அங்குலம் இருக்கும். அது பாறையில் தட்டினால் ஃபின் உடைவதோடு நிற்காது, அது பொருந்தியிருக்கும் பெட்டியே பிய்ந்து வரும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஃபின் மாட்டி, நடுவில் ஏழு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். மூன்று ஃபின் குட்டைப் பலகை வைத்திருப்பவர்கள் நடு ஃபின்னைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டிப் பாருங்கள். வால் இறுக்கம் விட்டு வழுக்கிக் கொடுக்கும். தளர்ந்த அலையில் பலகை புதிதாகத் தெரியும். காசு செலவில்லாத மாற்றம், செய்கிறவர்கள் குறைவு.

பவளத்தில் நிற்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை. விழும்போது தட்டையாக விழுங்கள், காலை ஊன்றாதீர்கள். காலுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் எப்படி நிலத்திலிருந்து கடலுக்கு வீசுமோ, பட்லர் பேயிலும் அப்படித்தான். அலையின் முகத்தை எதிரே தாங்கிப் பிடித்து வழவழப்பாக்கும். அந்த நாளில் ஃபிஷ் எடுக்கலாம். கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் கடல் முகம் கலைந்து கொத்துக்கொத்தாகிவிடும். அந்தக் கலங்கலில் குட்டைப் பலகை தத்தளிக்கும். கனமான, நீண்ட பலகை கொத்துகளை வெட்டிக்கொண்டு போகும். இலேசான பலகைதான் எப்போதும் நல்லது என்று நினைப்பவர்கள் ஒரு கொண்டல் நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்க்கட்டும்.

சின்ன அலைக்கு நல்ல மணல்மேடு வேண்டும், நல்ல மணல்மேடு ஓடை கடலில் சேரும் வாயில்தான் அமையும். கோவளத்து முகத்துவாரம் பழகிய கண்ணுக்கு லிட்டில் அந்தமானின் ஓடை வாய்கள் ஆசை காட்டும். அங்கே போகாதீர்கள். இது உப்புநீர் முதலைகளின் ஊர். 2010இல் ஹேவ்லாக் தீவில் கடலில் முக்குளித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். அதுவும் ஓடை அல்ல, கடல். எந்த இடத்தில் இறங்கலாம் என்று அந்தந்த நாள் காலையில் கரையில் மீன் பிடிக்கிறவர்களிடமும் வனத்துறைக் காவலர்களிடமும் கேளுங்கள். விடியலுக்கு முன்னும் அந்தி சாய்ந்தபின்னும் தண்ணீரில் இருக்க வேண்டாம். வேறு யாரும் இல்லாத அலை கிடைத்தால் ஏன் யாரும் இல்லை என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பலகை எதனால் செய்தது என்பது வாங்கும்போது அலட்சியமாகத் தெரியும், தீவில் வந்து உடையும்போதுதான் தெரியும் அதன் அருமை. இரண்டு வகை. ஒன்று பாலியூரித்தேன் நுரை, மேலே பாலியஸ்டர் ரெசின். மற்றது நம் தெர்மகோல் வகை நுரை, மேலே எப்பாக்ஸி ரெசின். அதே கொள்ளளவில் எப்பாக்ஸி பலகை எடை குறைவு, மிதப்பு துடிப்பாக இருக்கும், சின்ன அலையில் சட்டென்று கிளம்பும். தேர்ந்தெடுக்கச் சொன்னால் பட்லர் பேக்கு எப்பாக்ஸிதான் என்பேன், ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை பழுது பார்ப்பது. ஹட் பேயில் சர்ஃப் போர்டுக்கென்று பட்டறை தேடாதீர்கள். ஃபைபர் படகு ஒட்டுகிற கைகள் உண்டு. நல்ல கைகள். கண்ணாடி நாரை வெட்டிப் போட்டு, ரெசின் தடவி, உப்புத்தாள் தேய்த்து, ஒரு மணி நேரத்தில் படகை மறுபடி கடலில் தள்ளிவிடுவார்கள். அவர்கள் கையிலிருப்பது பாலியஸ்டர் ரெசின். பாலியூரித்தேன் பலகைக்கு அதைத் தாராளமாகப் போடலாம். தெர்மகோல் பலகையின் ஓட்டையில் அதை ஊற்றினால் நுரை கண் முன்னாலேயே கரைந்து உள்ளே குகை விழுந்துவிடும். கோழிமுட்டை அளவு ஓட்டை பலாப்பழம் புகும் அளவாகும். சந்தேகமாக இருந்தால் உடைந்த இடத்தில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உருண்டை உருண்டையாக மணி உதிர்ந்தால் தெர்மகோல். மாவாக உதிர்ந்தால் பாலியூரித்தேன். மணி உதிர்ந்தால் படகு ஒட்டுகிற அண்ணனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, நீங்கள் கொண்டுவந்த எப்பாக்ஸியை எடுங்கள். கொண்டுவரவில்லை என்றால் நன்றாகக் காயவைத்து, அலுமினிய டேப் ஒட்டி, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மகோல் தண்ணீரை உறிஞ்சும். ஓட்டை விழுந்ததும் கரையேறிவிட வேண்டும், இன்னும் ஒரே ஒரு அலை என்று நிற்கக் கூடாது.

வெயிலும் தெர்மகோல் பலகைக்கு எதிரி. தகரக் கூரை போட்ட விடுதி அறையில் மத்தியானம் பலகையைக் கூரைக்கு அருகே சாத்தி வைத்தால், உள்ளிருக்கும் காற்று விரிந்து மேல்தோல் உப்பிக் கொப்புளம் கட்டும். கட்டிலுக்கு அடியில் தரையோடு படுக்கவையுங்கள். சில எப்பாக்ஸி பலகைகளில் காற்று வெளியேற ஒரு திருகு இருக்கும். விமானத்தில் ஏற்றும்போது தளர்த்தி, கடலில் இறங்கும் முன் இறுக்க வேண்டும். இறுக்க மறந்த பலகைகள் மாலைக்குள் இரண்டு கிலோ கூடிவிடும்.

பழைய பலகை வாங்குகிறவர்கள் இதே கண்ணோடு பார்க்கலாம். கட்டைவிரலால் மேல்தோலை அங்கங்கே அழுத்துங்கள். கருக்கென்று உள்வாங்கினால் தோல் நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஃபின் பெட்டியைச் சுற்றி முடிக்கோடு விரிசல் இருக்கிறதா பாருங்கள். நிறம் மஞ்சளாகியிருப்பது பெரிய குற்றமில்லை. அளவுக்கு மேல் கனத்தால் மட்டும் விட்டுவிடுங்கள். தண்ணீர் குடித்த பலகை.

பலகையைக் காலோடு கட்டும் லீஷ் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும். சின்ன அலைதானே என்று கழற்றி வீசுகிற லாங்போர்டுக்காரர்கள் உண்டு. குழந்தைகள் குளிக்கிற கரையில் அது வேண்டாத வீரம்.

ஹட் பே கப்பல் கடல் கொந்தளிப்பில் நின்றுபோகும், ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். பலகையில் கால் வழுக்காமல் இருக்கத் தடவும் வாக்ஸ் அங்கே கிடைக்காது. வெப்பக் கடலுக்கென்று தனியாகச் செய்த வாக்ஸ் கொண்டுவாருங்கள். குளிர்ந்த கடலுக்கானதைத் தடவினால் காலை எட்டு மணி வெயிலிலேயே உருகி வழியும். கூடவே எப்பாக்ஸி சின்னப் புட்டி ஒன்று, கண்ணாடி நார்த் துண்டு, உப்புத்தாள், அலுமினிய டேப், ஃபின் கழற்றும் சாவி இரண்டு. ஒன்றை மணல் எடுத்துக்கொள்ளும்.